டீவி ஹட்டனுக்கு வந்துவிடும், வொரண்டி வருமா?

வெளிநாட்டில் வேலை செய்யும் மலையகத்தாரின் சந்தேகங்களும் விளக்கங்களும்

சவூதி, குவைத், கட்டார், துபாய், மலேசியா என்று பிள்ளைகள் வேலைக்குப் போன வீடுகள் ஹட்டன், பொகவந்தலாவ, மஸ்கெலியா, தலவாக்கலை, அக்கரப்பத்தனைத் தோட்டங்களில் ஏராளம். அவர்கள் லீவில் வரும்போதும் ஒப்பந்தம் முடிந்து திரும்பும்போதும் டீவி, பிரிஜ், மிக்சி, போன், லெப்டொப் என்று பொருள்களும் கூடவே வருகின்றன. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 80,000 ரூபாய்ப் பொருள் ஒன்று, ஏறத்தாழ அறுபது நாள் மலையேறிக் கொழுந்து பறித்துப் பேர் போட்டால் கிடைக்கும் காசு. அவ்வளவு உழைப்பில் வந்த பொருள் சில மாதத்தில் நின்றுபோய், திருத்துவாரின்றி லயத்து மூலையில் கிடக்கக் கூடாது. பொருளை எந்த நாட்டில் வாங்குகிறோம் என்பதைப் பார்க்கும் நாம், அதை எங்கே பாவிக்கப் போகிறோம் என்பதையும் கடையிலேயே யோசித்துவிட்டால் பாதிக் கவலை தீரும். மக்கள் வழக்கமாகக் கேட்கும் சந்தேகங்களை வரிசையாகப் பார்ப்போம்.

சந்தேகம்: துபாயில் விலை குறைவு என்கிறார்கள். உண்மையிலேயே லாபமா?

விளக்கம்: சில பொருள்களில் லாபம் உண்டு; கணக்குப் பார்க்காமல் முடிவுசெய்ய முடியாது. திர்ஹம், டொலரோடு கட்டப்பட்ட நாணயம். ஒரு டொலருக்கு 3.67 திர்ஹம். டொலர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு திர்ஹம் ஏறத்தாழ 82 ரூபாய். ஆயிரம் திர்ஹம் டீவி அங்கே வாங்கும்போதே 82,000 ரூபாய் ஆகிவிடுகிறது. அதற்கு மேல் கார்கோ கூலி, பயணப் பொதியின் எடை கூடினால் விமானக் கம்பனி அறவிடும் பணம், சுங்கத்தில் கட்ட நேர்ந்தால் தீர்வை, கட்டுநாயக்கவிலிருந்து ஹட்டனுக்கு வான் கூலி எல்லாவற்றையும் கூட்டுங்கள். பிறகு அதே பொருளை ஹட்டனிலோ கண்டியிலோ வொரண்டியோடு என்ன விலைக்குத் தருகிறார்கள் என்று வீட்டாரைக் கடைக்கு அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். வித்தியாசம் ஐந்தாறாயிரம் ரூபாய்தான் என்றால் ஊரிலேயே வாங்குவது நல்லது. அந்த ஐந்தாறாயிரம், ஒருமுறை பழுது பார்க்கும் செலவுக்கே போதாது.

சந்தேகம்: விலைச்சீட்டில் இருக்கும் தொகையைத்தானே கட்ட வேண்டும்? வரி தனியா?

விளக்கம்: நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2018 ஜனவரி முதல் 5 சதவீத வற் வரி இருக்கிறது. சவூதியில் அது 2020 ஜூலையில் 15 சதவீதமாக உயர்ந்தது. இவ்விரண்டு நாடுகளிலும் கடையில் எழுதியிருக்கும் விலையிலேயே வரி அடங்கியிருக்க வேண்டும். இந்தியாவில் பொதி செய்த பொருளில் அச்சிடப்படும் அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரியும் சேர்ந்தது. சென்னைக்கோ திருச்சிக்கோ யாத்திரை போகிறவர்கள் அதற்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை. கனடா, அமெரிக்காவில் இதற்கு நேர்மாறு. விலைச்சீட்டில் வரி சேர்ந்திருக்காது. பணம் கட்டும் இடத்தில்தான் சேரும். ஒன்டாரியோ மாகாணத்தில் அது 13 சதவீதம்.

இலங்கையில் 2024 ஜனவரி முதல் வற் 18 சதவீதம். வற் வரிக்குப் பதிவு செய்யாத கடை, பில்லில் வற் என்று தனியாக அறவிட முடியாது. பில்லில் அப்படி ஒரு வரி இருந்தால், கடையின் வற் பதிவு இலக்கம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சந்தேகம்: விமான நிலையத்தில் வரியைத் திருப்பித் தருவார்களாமே?

விளக்கம்: அது சுற்றுலாப் பயணிகளுக்கான ஏற்பாடு. அமீரகத்தில் அங்கே வதிவிட விசா வைத்திருப்பவருக்கு அது கிடைக்காது. சிங்கப்பூரிலும் வேலை அனுமதியில் இருப்பவருக்கு இல்லை. எனவே "ஏர்போட்டில் வரி திரும்பக் கிடைக்கும்" என்று கடைக்காரர் சொல்வதை நம்பி, வேலைக்குப் போனவர்கள் விலையைக் குறைத்துக் கணக்குப் போட வேண்டாம். உங்களைப் பார்க்க விசிட் விசாவில் வந்த உறவினர் தன் பெயரில் வாங்கித் தன் கையோடு கொண்டுபோனால் அது வேறு. பில்லில் அவர் பெயரும் பாஸ்போட் விவரமும் இருக்க வேண்டும்.

சந்தேகம்: "இன்டர்நெஷனல் வொரண்டி" என்று எழுதித் தருகிறார்கள். ஹட்டனில் செல்லுமா?

விளக்கம்: ஏமாற்றம் மிகுதியாக நடப்பது இந்த இடத்தில்தான். வொரண்டியை மூன்று வகையாகப் பிரித்துப் பாருங்கள்.

முதலாவது, கம்பனி தரும் உலகளாவிய வொரண்டி. சில லெப்டொப் வகைகளுக்கும் கமராக்களுக்கும் இது உண்டு. அதற்கும் இலங்கையில் அந்தக் கம்பனியின் அங்கீகாரம் பெற்ற சேவை நிலையம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, விற்ற நாட்டுக்கு மட்டும் உரிய வொரண்டி. டீவி, பிரிஜ், வொஷிங் மெஷின் போன்றவற்றுக்கு இதுவே வழக்கம். போன்களிலும் பல இப்படித்தான். ஐபோனை எடுத்தால், திருத்தும் சேவையை விற்ற நாட்டுக்குள் மட்டுப்படுத்தும் உரிமையை அப்பிள் கம்பனி தன் வொரண்டி நிபந்தனைகளில் வைத்திருக்கிறது. துபாயில் வாங்கிய டீவியின் வொரண்டிக் காட்டைக் கொழும்பு முகவரிடம் நீட்டினால், "இது நாங்கள் இறக்குமதி செய்த பொருளில்லை" என்று சொல்லத்தான் வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, கடை வொரண்டி. கடைக்காரர் தன் சீலைக் குத்திக் கொடுப்பது. அது அந்தக் கடைக்கு மட்டும் உரியது. பொருளைத் தூக்கிக்கொண்டு நீங்கள் மறுபடியும் துபாயின் தேராவுக்கோ கொழும்புப் புறக்கோட்டைக்கோ போக வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியது இதுதான்: "இலங்கையில் இதைத் திருத்துவது யார்? அவர்களின் பெயரும் தொலைபேசி இலக்கமும் என்ன?" பதில் கிடைத்தால் அங்கேயே நின்று அந்த இலக்கத்துக்கு அழைத்து, மொடல் இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அந்தப் பொருளுக்கு ஊரில் வொரண்டி இல்லை என்று எடுத்துக்கொண்டு, அதற்கேற்ற விலைக்கு மட்டும் வாங்குங்கள்.

சந்தேகம்: பொருளை வாங்கிப் பெட்டி பிரிக்காமல் வைத்திருக்கிறேன். ஊருக்கு வந்து திறந்த நாளிலிருந்துதானே வொரண்டி?

விளக்கம்: இல்லை. பில்லில் இருக்கும் திகதியிலிருந்துதான் பெரும்பாலும் வொரண்டி எண்ணப்படும். தள்ளுபடிக் காலத்தில் வாங்கி, லீவு கிடைக்கும்வரை ஆறு மாதம் அறையில் வைத்திருந்தால் ஒரு வருட வொரண்டியில் பாதி போய்விட்டது. இதைவிடப் பெரிய ஆபத்து, பெட்டிக்குள்ளேயே பழுதான பொருள் இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. எனவே ஊருக்குப் புறப்படும் வாரத்தில் வாங்குங்கள். கடையிலேயே பிரித்து ஓடவிட்டுப் பாருங்கள். பில்லில் மொடல் இலக்கத்தையும் சீரியல் இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். பயணத்தில் விழுந்து உடைவதை எந்த வொரண்டியும் பொதுவாக ஏற்பதில்லை. கார்கோவில் அனுப்பினால் அந்தப் பொறுப்பு யாருடையது என்பதைக் கார்கோ ரசீதில் எழுதி வாங்குங்கள்.

சந்தேகம்: அங்கே வாங்கிய மின்சாதனம் நம் வீட்டுக் கரண்டுக்குச் சரிவருமா?

விளக்கம்: பொருளின் பின்புறம் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். இலங்கையின் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். தகட்டில் "100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ்" என்று இருந்தால் கவலையில்லை. போன் சார்ஜர், லெப்டொப், புதிய டீவி ஆகியவை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

கவனிக்க வேண்டியவை மோட்டார் உள்ள பொருள்கள். குவைத், கட்டார், அமீரகம், மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் நம்மைப் போலவே 50 ஹேர்ட்ஸ். சவூதி 60 ஹேர்ட்ஸ். 60க்கென்றே செய்த பிரிஜ் கொம்பிரசரோ வொஷிங் மெஷின் மோட்டாரோ இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும். சூடேறி ஆயுள் குறையலாம். சவூதியின் பழைய வீடுகளில் 127 வோல்ட் பாவனை இருந்ததால் அதற்கென்று செய்த பொருள்களும் கைமாறி விற்கப்படுகின்றன. அவற்றை நேரே நம் பிளக்கில் செருகினால் எரிந்துவிடும். இங்கே விற்கப்படும் பாவித்த ஜப்பான் சாமான்களுக்கும் இதே எச்சரிக்கை. ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட். டிரான்ஸ்போமர் இல்லாமல் அந்த ரைஸ் குக்கரையும் பிளெண்டரையும் பாவிக்கவே முடியாது. டிரான்ஸ்போமரின் விலையையும் சேர்த்துத்தான் அவை மலிவா என்று பார்க்க வேண்டும்.

பிளக் விஷயத்தில் வளைகுடாப் பொருள்கள் பல நமக்குப் பொருந்தும். இலங்கையும் 13 அம்பியர் சதுர முள் பிளக்கையே நியமமாக ஏற்றிருக்கிறது. ஆனால் பழைய லயங்களில் உருண்டை முள் பொயின்ட்கள் இன்னும் இருக்கின்றன. வயரை வெட்டி வேறு பிளக் மாட்டினால் வொரண்டி இல்லை என்று சொல்லப் பல கம்பனிகளுக்கு அது போதும். பொயின்டை மாற்றுங்கள், பொருளின் வயரைத் தொடாதீர்கள்.

சந்தேகம்: வளைகுடாவில் வாங்கிய பிரிஜ் நுவரெலியாவில் சரியாக வேலை செய்வதில்லை என்கிறார்கள். உண்மையா?

விளக்கம்: உண்மையாக இருக்கலாம், அதற்குக் காரணமும் இருக்கிறது. எந்தச் சூழல் வெப்பத்தில் வைத்துப் பாவிக்க வேண்டும் என்பதற்குப் பிரிஜ்களுக்கு வகுப்பு உண்டு. "டி" வகுப்பு 16 முதல் 43 பாகை செல்சியஸ் வரை. "எஸ்டி" 16 முதல் 38 வரை. "என்" 16 முதல் 32 வரை. "எஸ்என்" 10 முதல் 32 வரை. கடும் வெயில் நாடுகளுக்கு "டி" வகுப்பே ஏற்றது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஆண்டு சராசரி வெப்பமே 16 பாகை அளவில்தான். தை, மாசி இரவுகளில் புல்லில் பனி உறையும் ஊர் அது.

வீட்டுக்குள் அந்த அளவுக்குக் குளிரும்போது, ஒரே தேர்மோஸ்டாட் உள்ள பிரிஜ் "உள்ளே போதிய குளிர் இருக்கிறது" என்று கொம்பிரசரை நிறுத்தியே வைத்திருக்கும். கீழ்த்தட்டு குளிராகத்தான் இருக்கும். மேலே பிரீசரில் வைத்த மீனும் இறைச்சியும் இளகிவிடும். மெக்கானிக்கை அழைத்தால் கேஸ் போய்விட்டது என்று சொல்லிக் காசு கேட்கவும் கூடும். நானுஓயா, நுவரெலியா, கந்தப்பளை, ராகலைப் பக்கம் இருப்பவர்கள் வாங்கும்போதே "எஸ்என்" என்ற எழுத்து தகட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். "எஸ்என்–டி" என்று இருந்தால் 10 முதல் 43 பாகை வரை தாங்கும். உற்பத்தியாளர் குறித்த வெப்பநிலைக்கு வெளியே பாவித்தால் வரும் கோளாறை வொரண்டியில் ஏற்காமலும் விடலாம்.

சந்தேகம்: இடி விழுந்து டீவி எரிந்தால் வொரண்டியில் மாற்றித் தருவார்களா?

விளக்கம்: பெரும்பாலான வொரண்டிக் காட்டுகளில் மின்னல், மின்னழுத்த ஏற்ற இறக்கம், தண்ணீர், பூச்சி ஆகியவற்றால் வரும் பழுது சேராது என்று சிறிய எழுத்தில் இருக்கும். மலையகத்தில் பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் இடி வழக்கம். வானம் இருட்டியதும் பிளக்கை மட்டுமல்ல, டிஷ் கேபிளையும் கழற்றிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும். வோல்டேஜ் கூடிக் குறையும் தோட்டங்களில் பிரிஜுக்கு ஸ்டெபிலைசர் வாங்குவது வீண் செலவல்ல.

சந்தேகம்: வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த போனில் இங்கத்தைய சிம் வேலை செய்யாமல் போகுமா?

விளக்கம்: பதிவு செய்யப்படாத கருவிகளை வலையமைப்பில் கட்டுப்படுத்தும் முறையைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 2025 ஜனவரி இறுதியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. போனில் *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். ஐஎம்இஐ என்று ஆங்கில எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போன் பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். ஊர்க் கடையிலோ கைமாற்றாகவோ போன் வாங்குகிறவர்கள் காசு கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். ஊருக்குப் போன் கொண்டுவர நினைப்பவர்கள் தம்மிடமுள்ள போனுக்கு என்ன நடைமுறை என்பதை ஆணைக்குழுவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சந்தேகம்: வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று தெரிந்தால் ஊர்க் கடையிலும் விலையை ஏற்றுகிறார்கள். தட்டிக் கேட்க முடியுமா?

விளக்கம்: முடியும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வியாபாரி விலைகளைக் கடையில் எல்லோருக்கும் தெரியும்படி காட்சிப்படுத்த வேண்டும். பொதியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பதும், அந்த விலையை அழித்து வேறு விலை ஒட்டுவதும் குற்றம். அரசு வர்த்தமானியில் அதிகபட்ச விலை குறித்த பொருள்களுக்குத் தண்டனை கடுமை: 2021ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு தனி வியாபாரிக்கு ஒரு இலட்சம் முதல் ஐந்து இலட்சம் ரூபாய் வரை, கம்பனிக்கு ஐந்து இலட்சம் முதல் ஐம்பது இலட்சம் ரூபாய் வரை தண்டம். 2025 ஏப்ரலில் தண்ணீர்ப் போத்தலுக்கும் அப்படி விலை வந்தது. அரை லீற்றர் 70 ரூபாய், ஒரு லீற்றர் 100 ரூபாய். நுவரெலியா வசந்த காலக் கூட்டத்திலும் அந்தக் கட்டுப்பாடு பொருந்தும்.

2024 ஏப்ரலில் கொழும்பு அளுத்கடையில் ஒரு கொத்துக்கு வெளிநாட்டுப் பயணியிடம் 1,900 ரூபாய் கேட்ட வியாபாரி, காணொளி பரவியதும் கைதானார். ஆளைப் பார்த்து விலை சொல்வதை நம் ஊரில் மட்டும் சகித்துக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை. விலை கட்டுப்படுத்தப்படாத பொருள்களில் வியாபாரி தன் விலையைத் தானே நிர்ணயிக்கலாம். ஆனால் எழுதிய விலை ஒன்று, கேட்கும் விலை இன்னொன்று என்று இருக்கக் கூடாது.

சந்தேகம்: பில் வேண்டாம் என்றால் ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

விளக்கம்: வேண்டாம். வாங்குபவர் கேட்டால் திகதி, அளவு, விலை குறித்த பற்றுச்சீட்டைக் கொடுக்கும் கடமை வியாபாரிக்கு அதே சட்டத்தில் இருக்கிறது. பில் இல்லாவிட்டால் எந்தக் கடையில், எந்த நாளில், எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்பதற்குச் சாட்சியே இல்லை. வொரண்டிக் காட்டும் பில்லோடு சேர்ந்தால்தான் செல்லும். பில் தாளில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வீட்டாருக்கும் அனுப்பி வையுங்கள். தவணைக்கு வாங்குகிறவர்கள் கைக்காசு விலை எவ்வளவு, தவணை எல்லாம் கட்டி முடிக்கும்போது மொத்தம் எவ்வளவு என்ற இரண்டு தொகையையும் எழுத்தில் கேளுங்கள். விளங்காத மொழியில் உள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்.

சந்தேகம்: "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது" என்று கடையில் எழுதியிருக்கிறது. பழுதான பொருளை என்ன செய்வது?

விளக்கம்: நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்றால் கடைக்காரர் மாற்றித் தருவது அவர் விருப்பம். பழுதான பொருளுக்கு அந்தப் பலகை பதிலாகாது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே, வியாபாரி விற்கும் பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. வொரண்டிக் காட் கொடுக்காவிட்டாலும் அந்தக் கடமை இருக்கிறது.

சந்தேகம்: வொரண்டி இருந்தும் கடைக்காரர் இழுத்தடிக்கிறார். எங்கே போவது?

விளக்கம்: முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள், வட்ஸ்அப் செய்தியும் பின்னால் உதவும். பொருளைத் திருத்தக் கொடுத்தால், கொடுத்த திகதியோடு ரசீது வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது மாவட்டத்திலுள்ள அதன் அலுவலகத்தில் முறைப்பாட்டைக் கொடுங்கள். கொடுத்த வொரண்டிப்படி பொருள் இல்லை என்ற முறைப்பாட்டை விசாரித்து, மாற்றுப் பொருளோ பணமோ நட்டஈடோ கொடுக்கும்படி சொல்லச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இடம் தருகிறது. முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். ஒரு வருட வொரண்டி இருக்கிறதே என்று காத்திருக்காமல், பழுது தெரிந்ததும் எழுதிவிடுங்கள்.

முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். தமிழ் இந்நாட்டின் அரச கரும மொழி. சிங்களம் தெரியாது என்பதற்காக உரிமையைக் கைவிட வேண்டாம். மொழியால் அலுவலகத்தில் சிரமம் வந்தால் 1956க்கு அறிவிக்கலாம். பணப் பிணக்குகளுக்குப் பிரதேச மத்தியஸ்த சபையும் ஒரு வழி. அங்கே சட்டத்தரணி தேவையில்லை.

சந்தேகம்: ஏமாற்றியது வெளிநாட்டுக் கடையாக இருந்தால்?

விளக்கம்: அந்த நாட்டில் இருக்கும்போதே முறையிடுங்கள், விமானம் ஏறிய பின் எல்லாம் கடினம். நம் அதிகார சபை துபாய்க் கடைக்காரரை விசாரிக்க முடியாது. சிங்கப்பூரில் 2012 செப்டெம்பர் முதல், வாங்கி ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, பொருளைக் கொடுத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. மலேசியாவில் 1999ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. இந்தியாவில் 1915 என்ற நுகர்வோர் உதவி இலக்கம் உண்டு. அமீரகத்தில் 2020ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் நுகர்வோரைக் காக்கிறது. எங்கே முறையிட்டாலும் அவர்கள் முதலில் கேட்பது பில்லைத்தான்.

சந்தேகம்: அப்படியானால் எங்கே வாங்குவது நல்லது?

விளக்கம்: கையோடு வரும் சிறிய பொருளை, உலகளாவிய வொரண்டி இருப்பதை உறுதிப்படுத்திக்கொண்டு, வெளிநாட்டில் வாங்கலாம். பிரிஜ், வொஷிங் மெஷின், பெரிய டீவி போன்றவற்றை இலங்கையில் சேவை நிலையம் உள்ள முகவரிடம் வாங்குங்கள். கட்டுநாயக்க வருகைப் பகுதியின் தீர்வையற்ற கடைகளிலும் மின்சாதனங்கள் கிடைக்கும். வங்கி வழியாகப் பணம் அனுப்பியவர்களுக்கு மேலதிகச் சலுகை 2022இல் கொண்டுவரப்பட்டது; உங்களுக்கு எவ்வளவு உண்டு என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேட்டுக்கொண்டு, வெளிக்கடை விலையோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

நம் மக்கள் விலை பேசக் கூச்சப்படுவதில்லை. வொரண்டி பற்றிக் கேட்கத்தான் கூச்சப்படுகிறார்கள். பாலைவன வெயிலிலும் பிறர் வீட்டு அடுப்படியிலும் உழைத்த காசு அது. மொடல் இலக்கம், சேவை நிலையம், பில், திகதி ஆகிய நான்கையும் கேட்டு வாங்குங்கள். பதில் சொல்லச் சலித்துக்கொள்ளும் கடையில் காசைக் கொடுக்காமல் அடுத்த கடைக்குப் போங்கள்.